நான்கு பக்கத்துக்குள்: ஆய்வுக் கட்டுரை என்னும் வடிவம் பற்றிச் சில குறிப்புகள்

1

1998 ஐப்பசி மழையில் பாச்சலூரில் உட்கார்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். மலைத் தாவரங்களும் மக்கள் மருத்துவமும் பற்றிய ஒரு அறிவியல் பயிலரங்குக்காக. நடத்தியது எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அன்றைக்கு எல்லா நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே கடிதத்தைத்தான் அனுப்பிக் கொண்டிருந்தன. கடிதத்தோடு 'கட்டுரையாளர்களுக்கான குறிப்புகள்' என்று ஒரு தாளும் வந்தது. ஏ4 தாள், நான்கு பக்கத்துக்கு மிகாமல். நான்கு புறமும் ஓர் அங்குலம் இடம். டைம்ஸ் ரோமன், 12 பாயின்ட். தலைப்பு, கீழே ஆசிரியர் பெயர், அதன் கீழே அவர் பணியாற்றும் நிறுவனத்தின் முகவரி. 150 சொற்களில் சுருக்கம். பிறகு முன்னுரை, ஆய்வுப் பகுதி, முறைகள், முடிவுகள், விவாதம், நன்றி, மேற்கோள் நூல்கள். தாவரப் பெயர்கள் சாய்ந்த எழுத்தில். ஆய்வுப் பகுதிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் கட்டாயம். அப்படியே படம் பிடித்து அச்சிடுகிற மாதிரி லேசர் பிரிண்ட் ஒன்று, ஃபிளாப்பி ஒன்று.

பாச்சலூர் கொடைக்கானல் என்றதும் நினைவுக்கு வரும் ஏரியும் படகும் உள்ள ஊரல்ல. கீழ்ப்பழனி மலை. காப்பித் தோட்டம், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஆரஞ்சு, மலைவாழை. தோட்டக்காரர்கள் கீழே இருந்து ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு முன்பிருந்தே பளியர்களும் புலையர்களும் இருக்கிறார்கள். தேன், கல்பாசி, கடுக்காய், கிழங்கு என்று காட்டோடு பழகியவர்கள் பளியர்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையாக இரண்டு வருஷம் அவர்களோடு நடந்து, செடிகளையும் அவற்றின் பயனையும் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டிலிருந்துதான் நான்கு பக்கம் எடுக்க வேண்டும்.

மலையில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. கையால் எழுதிய தாள்களோடு பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் இறங்கி ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். குறிப்புத் தாளைப் பார்த்த பையன் சிரித்தான். "சார், போன வாரந்தான் ஒருத்தர் கோழித் தீவனம் பத்தி இதே மாதிரி அடிச்சிட்டுப் போனாரு. அதே செட்டிங் இருக்கு. மேட்டர மட்டும் மாத்திருவோம்."

இந்தக் கட்டுரை அந்த 'அதே செட்டிங்' பற்றியது. வடிவம் என்பது வெறும் பெட்டி, உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்திருந்தேன்.

2

இந்தப் பெட்டி வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்னும் அறிவியல் இதழைத் தொடங்கியது 1665 மார்ச்சில். அதில் வந்தவை பெரும்பாலும் கடிதங்கள். நான் இதைப் பார்த்தேன், இன்னார் உடனிருந்தார் என்று தன்மையில் எழுதப்பட்டவை. சோதனைக்குச் சாட்சியாக நின்ற கனவான்களின் பெயர்கள் முக்கியமாக இருந்தன. அடுப்பை மூட்டியவர், குழாயைப் பிடித்தவர், எடை போட்டவர் பெயர்கள் அப்போதும் பெரும்பாலும் இல்லை. ராபர்ட் பாயிலின் சோதனைச் சாலையில் வேலை செய்த உதவியாளர்கள் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள் என்று ஸ்டீவன் ஷேப்பின் 1989-இல் எழுதினார். ஆக, விடுபடுதல் புதிதல்ல. ஆனால் அந்தக் காலத்தில் குறைந்தபட்சம் 'நான்' இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் 'நானு'ம் போய்விட்டது. 'செய்யப்பட்டது', 'சேகரிக்கப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை வந்து உட்கார்ந்தது. முன்னுரை, முறைகள், முடிவுகள், விவாதம் என்ற நான்கு அறை வீடு இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெல்ல மெல்ல நிலைபெற்று, 1972-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவே எழுதப்பட்டது. 1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி, கட்டுரைகளின் அமைப்புக்கும் மேற்கோள் காட்டும் முறைக்கும் பொது விதிகள் வகுத்தார்கள். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1963-லேயே பி.பி.சி. வானொலியில், அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்று கேட்டிருந்தார். தரவுகள் பொய் என்பதல்ல அவர் வாதம். ஓர் உண்மை எப்படிக் கண்டடையப்பட்டது என்பதைக் கட்டுரையின் வடிவம் பொய்யாகச் சொல்கிறது என்றார்.

என் நோட்டில் இருந்தது எப்படிக் கண்டடைந்தோம் என்பதுதான். மழையில் வழுக்கி விழுந்தது, நான் தவறான இலையைப் பறித்தபோது பாட்டி கையைத் தட்டிவிட்டது, வேரைத் தோண்டிவிட்டு மிச்சத்தை மண்ணில் புதைத்து வைத்தது. நான்கு அறை வீட்டில் இவற்றுக்கெல்லாம் திண்ணைகூட இல்லை. 'பழங்குடித் தகவலாளிகளிடமிருந்து விவரங்கள் சேகரிக்கப்பட்டன' என்று ஒரே வரி எழுதினேன். சொல்லியவர், கேட்டவர், நடந்தவர் மூவரும் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போனார்கள்.

3

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஹெர்பேரியத் தாளின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். தாவரப் பெயர், சேகரித்தவர் பெயர், அவரது வரிசை எண், தேதி, இடம், உயரம். பழனி மலையின் தாவரங்களுக்கு இப்படி ஒரு நீண்ட மரபு உண்டு. 1915-இல் ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். செண்பகனூரில் ஏசு சபையினர் சேகரித்தார்கள். திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து கே.எம். மேத்யூ பாதிரியார் 1999-இல் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலைக் கொண்டு வந்தார். இந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அந்த நூல்கள் இல்லாமல் என்னால் ஒரு செடிக்குக்கூடப் பெயர் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்வது சீட்டைப் பற்றி. சேகரித்தவருக்கு அதில் ஒரு வரி உண்டு. காட்டிக் கொடுத்தவருக்கு வரி கிடையாது.

இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? 323 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பக்கத்தை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் வாக்குமூலம் இருக்கிறது. தேதி 1675 ஏப்ரல் 20. அவரது எழுத்தான கோலெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. தான் யார், எந்த வீட்டுக்காரர், இந்த மூலிகை விவரங்களைச் சொன்னது தான்தான் என்று அவரே சொல்கிறார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களின் சான்றும் நாகரி எழுத்தில் உண்டு.

ரீடு ஒரு காலனிய அதிகாரி. மிளகு வியாபாரத்துக்கு வந்த கம்பெனியின் ஆள். மரமேறிப் பூப்பறித்தவர்களின் பெயர்கள் அந்த நூலிலும் இல்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு அவரைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் அறிந்தவர் தன் பெயரோடும் தன் எழுத்தோடும் நூலின் வாசலில் நிற்பதற்கு 1678-இன் வடிவத்தில் இடம் இருந்தது. பிறகு என்ன நடந்தது? 1753-இல் லின்னேயஸ் தன் தாவர இனங்கள் நூலில் ரீடின் படங்களையும் விவரங்களையும் ஆதாரமாகக் காட்டினார். காட்டிய முறை: 'ரீடு. மல்.' அவ்வளவுதான். அந்தச் சுருக்கக் குறிக்குள் இட்டி அச்சுதன் அடங்கிப்போனார். மேற்கோள் காட்டும் முறை என்பது நன்றிக்கடன் தீர்க்கும் முறை மட்டுமல்ல. யாரோடு கணக்கை முடித்துக் கொள்வது என்று தீர்மானிக்கும் முறையும்கூட.

நமக்குப் பக்கத்து மலையில், நம் காலத்தில் நடந்ததையும் பார்க்கலாம். அகத்தியர் மலையில் 1987-இல் விஞ்ஞானிகளோடு வழிகாட்டியாகப் போன காணிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. 1988-இல் அது பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் செடியின் பெயர் இருந்தது, காணி இனத்தின் பெயர் இருந்தது, மலையின் பெயர் இருந்தது. ஆசிரியர் வரிசையில் காணி யாரும் இல்லை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் தயாரிப்பு உரிமை 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே இதை முன்மாதிரி என்றது. பணத்தில் பங்கு கொடுக்க வழி கண்டவர்களுக்கு, ஆசிரியர் வரிசையில் பங்கு கொடுக்கத் தோன்றவில்லை.

4

மொழியும் வடிவத்தின் பகுதிதான். ஒரு புதிய பூக்கும் தாவரத்துக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லுபடியாக, சர்வதேசத் தாவரப் பெயரிடல் விதிகளின்படி 1935 ஜனவரி 1 முதல் லத்தீனில் விவரிப்பு இருந்தாக வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம் என்று தளர்த்தினார்கள். அதை ஜனநாயகப்படுத்தல் என்று பலரும் வரவேற்றார்கள். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். இதே விதிகளின்படி, 1935-க்கு முன் எந்த மொழியில் அச்சிட்ட விவரிப்பும் ஏற்கப்படும். அதாவது 1934-இல் ஒருவர் தமிழில் ஒரு செடியை முறையாக விவரித்துப் பெயரிட்டிருந்தால் அது செல்லும். இன்றைக்குச் செய்தால் செல்லாது. தமிழில் அறிவியல் முடியுமா என்று நாம் மேடை போட்டு விவாதித்துக் கொண்டிருந்த காலமெல்லாம், முடியாது என்று எங்கோ ஒரு விதியில் எழுதியே வைத்திருந்தார்கள்.

என் கட்டுரையில் பளியர்கள் சொன்ன பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. ழ, ள, ல மூன்றும் ஒன்றாயின. "சார், இதுக்கு மேலயோ கீழயோ புள்ளி வைக்கிற ஃபான்ட் நம்மகிட்ட இல்ல" என்றான் டி.டி.பி. பையன். இரண்டு வெவ்வேறு கிழங்குகள் என் அட்டவணையில் ஒரே பெயர் பெற்றன.

5

அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கத்தைப் படித்த ஒரு மதிப்பீட்டாளர், தகவலாளிகளின் ஒத்திசைவு எண் தரப்படவில்லை என்று குறிப்பெழுதி அனுப்பினார். டிராட்டரும் லோகனும் 1986-இல் வகுத்த கணக்கு அது. ஒரு நோய்க்கு எத்தனை முறை மருந்து சொன்னார்கள் என்பதிலிருந்து, சொன்ன தாவரங்களின் எண்ணிக்கையைக் கழித்து, சொன்ன முறைகளில் ஒன்று குறைத்து அதனால் வகுக்க வேண்டும். எல்லோரும் ஒரே செடியைச் சொன்னால் விடை 1. ஆளுக்கொன்று சொன்னால் 0. ஒன்றை நெருங்கினால் நம்பகமான அறிவு.

போட்டுப் பார்த்தேன். பல நோய்களுக்குப் பூஜ்யத்தின் பக்கமே வந்தது. ஒரே செடியை மூன்று பெரியவர்கள் மூன்று பெயரில் சொன்னார்கள். ஒருவர் காய்ச்சலுக்கு என்றதை இன்னொருவர் வயிற்றுக்கு என்றார். எது சரி என்று கேட்டபோது, "அவரு பாத்தது அவருக்கு. நான் பாத்தது எனக்கு" என்று பதில் வந்தது. அதில் சண்டை இல்லை, சங்கடமும் இல்லை.

1960-களில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1966-இல் இதைத்தான் எழுதினார். அவர்களுடைய அறிவு மனப்பாடமாகக் கைமாறுவதல்ல. ஒவ்வொருவரும் தன் அனுபவத்தில் கண்டுகொள்வது. அடுத்தவர் அனுபவத்தின் மேல் அதிகாரம் செலுத்தாத ஒரு வாழ்க்கை முறையோடு அது சேர்ந்தது. அந்த வாழ்க்கையில் கருத்து வேறுபாடு என்பது மரியாதை. என் அட்டவணையில் அதுவே பிழை. 'ஒத்திசைவு குறைவு, மரபறிவு அழிந்து வருவதையே இது காட்டுகிறது' என்று விவாதப் பகுதியில் எழுதினேன். அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு முன்னால் பலர் எழுதியிருந்தார்கள். அழியாத ஒன்றை அழிகிறது என்று எழுத வைத்தது எது? என்னுடைய கெட்ட எண்ணமல்ல. அந்த அட்டவணைக் கட்டம்.

6

ஆசிரியர் வரிசையில் என் பெயரோடு அந்த மூன்று பெரியவர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் எழுந்தது. பெயர்களுக்குக் கீழே நிறுவன முகவரி கட்டாயம் என்று பதில் வந்தது. பாட்டிக்கு எந்த நிறுவனம்? ஆனாலும் விடுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு வீரனைப் போல மலையேறிப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். உங்கள் பெயர் புத்தகத்தில் வரும், அதற்காகச் சண்டை போடுகிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"எங்க கெடைக்குதுன்னு எழுதிருக்கியா சாமி?"

"எழுதணும் பாட்டி. எழுதாட்டி எடுத்துக்க மாட்டாங்க."

"அத மட்டும் எழுதாத. எம் பேர வேணா எழுதிக்க. எம் பேரப் பாத்து யாரு மலையேறி வரப் போறா? எடத்த எழுதினா வருவாங்கல்ல."

நான் விடுதலையாக நினைத்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் வெறும் தகவலாக நினைத்ததுதான் அவருக்கு உயிர்நிலையாக இருந்தது. அந்த இடத்தில்தான் வடிவத்தின் முழு அரசியலும் எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதை அது மறைக்கச் சொல்கிறது. மறைக்க வேண்டியதை டிகிரி, நிமிடக் கணக்கில் சொல்லச் சொல்கிறது. ஆளுக்கு முகவரி இல்லை; செடிக்கு முகவரி கட்டாயம்.

அறிவியல் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. இடம் சொல்லாவிட்டால் இன்னொருவர் போய்ச் சரிபார்ப்பது எப்படி? சரிபார்க்க முடியாததை எப்படி நம்புவது? நேர்மையான கேள்விதான். ஆனால் சரிபார்க்க வருகிறவருக்குப் பின்னாலேயே சாக்கோடு வருகிறவரும் அதே வரியைப் படிக்கிறார். ஊர்ப்பெயர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இதே மலையடிவாரத்து விருப்பாட்சியின் பெயரில் மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பயிரிடுகிறவருக்கு இடத்தின் பெயர் உரிமை. காட்டிலிருந்து எடுக்கிறவருக்கு அதே பெயர் ஆபத்து.

7

நான் என்ன செய்தேன் என்று சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கடைசித் தேதி நெருங்கியது. பெயர்களை ஆசிரியர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். நன்றிப் பகுதியில் 'உள்ளூர்ப் பளியர் முதியோருக்கு நன்றி' என்று போட்டேன், பெயரில்லாமல். அட்சரேகை, தீர்க்கரேகையைப் பின்னமில்லாமல் முழு எண்ணாக்கி, மறைத்துவிட்டதாக என்னை நானே சமாதானப்படுத்திக் கொண்டேன். ஆனால் 'ஆய்வுப் பகுதி'யில் பாச்சலூர் இருந்தது. அட்டவணையில் 'ஓடைக்கரைப் பாறை இடுக்கு, வடக்குப் பார்த்த சரிவு' என்று இருந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. வடிவமைப்பு நேர்த்தி என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அடுத்த வருஷம் ஒரு வியாபாரியின் ஆள் டீக்கடையில் வந்து விசாரித்தான். அவன் கையிலிருந்த துண்டுச் சீட்டில் தாவரவியல் பெயர் இருந்தது. என் கட்டுரையைப் பார்த்துத்தான் வந்தானா, வேறு வழியில் வந்தானா என்று தெரியாது. அந்தச் சரிவில் இரண்டு பருவத்தில் வேர் இல்லாமல் போனது மட்டும் தெரியும். பாட்டியிடம் போய்ச் சொன்னேன். "நாந்தான் சொன்னேனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் என்னோடு நடந்ததும் இல்லை. அந்தச் செடியின் பெயரை நான் இங்கே எழுதாததைக் கவனித்திருப்பீர்கள்.

2002-இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. அதற்கான 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊர்தோறும் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டியிருந்தது. உள்ளூரில் என்னென்ன கிடைக்கிறது, அவற்றின் மருத்துவப் பயன் என்ன, மரபறிவு என்ன என்று விரிவாக அதில் இருக்க வேண்டும் என்றன அந்த விதிகள். பாதுகாக்கத்தான். ஆனால் இதுவும் ஒரு படிவம், இதிலும் கட்டங்கள் உண்டு. பயிலரங்குக் குறிப்புத் தாளைப் படித்த அதே கண்களோடு இதையும் படிக்க வேண்டியிருக்கிறது.

களத்தில் வேலை செய்கிற தோழர்கள் 'வடிவம் முக்கியமில்லை, உள்ளடக்கம்தான்' என்கிறார்கள். இலக்கியத்தில் இந்தச் சண்டையை நாம் எவ்வளவோ போட்டிருக்கிறோம். கட்டுரையை எழுதும் முன்பே, எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதைக் காலியாக விடுவது என்று சொன்னவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவையே முறைகள் பகுதியில் எழுத வேண்டும். 'இடம் எங்களுக்குத் தெரியும். சொன்னவர்கள் கேட்டுக்கொண்டதால் தரவில்லை' என்று எழுதுவதும் ஓர் அறிவியல் வாக்கியம்தான். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் அவரவர் பெயரோடு, அவர்கள் விரும்பினால், எழுதலாம். 1678-இல் முடிந்தது.

சில வருஷங்களுக்கு முன் மலையில் ஓர் ஊரில் பதிவேட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். படிவத்தில் 'கிடைக்கும் இடம்' என்று ஒரு கட்டம். எழுதிக் கொண்டிருந்தவரிடமிருந்து ஒரு பளியர் இளைஞர் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். இப்படி விட்டா மேல ஒத்துக்க மாட்டாங்களே என்றார் எழுதியவர். ஒத்துக்கலேன்னா திருப்பி அனுப்பட்டும், எதுக்குன்னு நாங்க சொல்றோம் என்றார் இளைஞர். 1998-இல் நான் எழுதியிருக்க வேண்டிய பதில் அது.